அம்மாவின் பயாப்சி முடிவு: குடும்பக் குழு

செல்வி: அம்மாவின் பயாப்சி முடிவு வந்துவிட்டது; மார்பகப் புற்றுநோய்தான். கட்டி 2.4 சென்டிமீட்டர், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் (அந்த ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 என்ற வளர்ச்சிப் புரதம் மட்டும் 2+ என்று இருக்கிறது. மார்பகத்தை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்று வியாழக்கிழமை சொல்ல வேண்டுமாம்.

முரளி: முழுவதையும் எடுத்துவிடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சாந்தி அத்தை: ஊசி குத்தினால் பரவும் என்று நான் அன்றே சொன்னேன். இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள்?

சித்தப்பா: பயாப்சியால் நோய் பரவிவிடாது, அக்கா, அதைச் செய்யாமல் எந்த மருந்து பலிக்கும் என்றே தெரியாது. முரளி, அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1976இல் தொடங்கிய ஆய்வில், 4 சென்டிமீட்டர் வரை கட்டி இருந்த பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முழு மார்பகத்தை எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை என்று 2002இல் எழுதினார்கள். ஆனால் கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்வீச்சைத் தவிர்க்கக் கூடாது: அதைப் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கும், பெறாதவர்களில் 39 பேருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது.

முரளி: ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் வருகிறது.

சித்தப்பா: இன்னும் அரைப் பக்கம் இருக்கிறது. 2+ என்பது இரண்டும் கெட்டான் நிலை; ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் 'ஃபிஷ்' பரிசோதனைதான் அதைத் தீர்த்துச் சொல்லும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால், இந்த அளவுக் கட்டிக்குப் பெரும்பாலும் கீமோவையும், ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தையும் முதலில் கொடுத்து, கட்டியைச் சுருக்கிய பிறகே அறுவை செய்வார்கள்; டிராஸ்டுசுமாப் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். நெகட்டிவ் என்றால் அறுவை முதலில் வரலாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்பதால், எப்படியானாலும் அந்த ஹார்மோனுக்கு எதிரான மாத்திரை குறைந்தது 5 ஆண்டுகள் உண்டு. ஆகவே ஃபிஷ் முடிவு வரும் முன்பு எதை எடுப்பது என்று நாம் அடித்துக்கொள்வதில் பொருளில்லை.

அம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். தம்பி, அக்குளில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவார்களா? எதிர்வீட்டு அம்மாளுக்குக் கை வீங்கி, வளையலை வெட்டித்தான் கழற்றினார்கள்.

சித்தப்பா: ஸ்கேனில் அக்குள் தெளிவாக இருப்பதால், அண்ணி, நோய் முதலில் சென்று சேரக்கூடிய ஓரிரு நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட மாட்டார்கள். கை வீங்கும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

செல்வி: வியாழக்கிழமை யார் உடன் வருகிறீர்கள்?

முரளி: நான் வருகிறேன். முழுவதும் எடுப்பதே நல்லது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

செல்வி: சென்ற முறையும் வருவதாகத்தான் சொன்னீர்கள், அண்ணா.

அம்மா: அவன் வரட்டும். மருத்துவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சாந்தி அத்தை: அந்த ஃபிஷ் பரிசோதனைக்கு மறுபடியும் ஊசி குத்துவார்களா?

சித்தப்பா: ஏற்கெனவே எடுத்த திசுவிலேயே பார்ப்பார்கள், அக்கா.