ஸ்பிரிங்ஃபீல்டு ஹால் ஆஃப் ஃபேம்: பங்களிப்பாளர் பிரிவுக்கு எப்படித் தேர்வு? அரை நாளில் எதைப் பார்ப்பது?

ஹைபோஸ்ட் (கேள்வி)

வணக்கம். அடுத்த மாதம் பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகிற வழியில் ஸ்பிரிங்ஃபீல்டில் அரை நாள் கிடைக்கிறது. பாஸ்கெட்பாலை உருவாக்கிய நெய்ஸ்மித்தின் பெயரில் உள்ள நினைவு பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேமைப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். ஜோர்டன், மேஜிக், பேர்டு போன்றவர்களைப் பற்றி ஓரளவு படித்தாயிற்று. பிடிபடாமல் இருப்பது பங்களிப்பாளர் பிரிவுதான். அதில் அணி முதலாளிகள் இருக்கிறார்கள், வர்ணனையாளர் இருக்கிறார், ஷூ கம்பெனி விற்பனையாளர்கூட இருக்கிறார். எர்ல் லாய்டு என்பிஏவில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆடியவர், அவரும் அங்கேதான். ஜெர்ரி வெஸ்ட் மூன்று முறை சேர்க்கப்பட்டிருக்கிறார்.

என் கேள்விகள்: யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எத்தனை ஓட்டு வேண்டும்? இந்தப் பிரிவில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார்? உள்ளே எந்த வரிசையில் போனால் நேரம் வீணாகாது? நெய்ஸ்மித்தின் 13 விதிகள் உள்ள அசல் தாள் அங்கேதான் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேக்போர்டு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பலரும் இதை "என்பிஏ ஹால் ஆஃப் ஃபேம்" என்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஸ்பிரிங்ஃபீல்டில் இருப்பது தனி நிறுவனம். கல்லூரி ஆட்டம், பெண்கள் ஆட்டம், பிற நாட்டு ஆட்டம், நடுவர்கள் எல்லாமே அதன் கணக்கில் வரும். என்பிஏவில் ஒரு நாள்கூட ஆடாதவர்கள் ஏன் உள்ளே இருக்கிறார்கள் என்ற குழப்பத்தில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

சேர்க்கை ஐந்து வகை: வீரர், பயிற்சியாளர், நடுவர், பங்களிப்பாளர் (ஆட்டத்துக்கு வேறு வகையில் உதவியவர்), அணி. ஒரே ஆள் இரண்டு வகையிலும் வரலாம். ஜான் வுடன்தான் முதலில் அப்படி வந்தவர். வீரராக ஏற்கெனவே சேர்ந்திருந்தவரை 1973-ல் பயிற்சியாளராகவும் சேர்த்தார்கள். ஜெர்ரி வெஸ்ட் 1980-ல் வீரராக, 2010-ல் 1960 ஒலிம்பிக் அணியோடு, 2024-ல் பங்களிப்பாளராக. மூன்று முறை வந்த முதல் ஆள் அவர். மூன்றாவது விழா நடந்தபோது அவர் உயிரோடு இல்லை, அந்த ஜூனில் காலமாகியிருந்தார். மூன்றாவது தகுதி லேக்கர்ஸின் ஜெனரல் மேனேஜராக அணியைக் கட்டியதற்கானது. கோபி பிரையன்ட்டையும் ஷாக்கில் ஓநீலையும் 1996-ல் ஒரே கோடையில் கொண்டுவந்தவர் அவர்தான்.

தேர்வு இரண்டு கட்டம். முதலில் ஸ்கிரீனிங் கமிட்டிகள். வட அமெரிக்கக் கமிட்டியில் 9 பேர், 7 ஓட்டு கிடைத்தால் ஃபைனலிஸ்ட். பெண்கள் கமிட்டியில் 7 பேர், 5 ஓட்டு வேண்டும். அதன் பிறகு ஹானர்ஸ் கமிட்டி: 24 பேர், அதில் 18 ஓட்டு. இந்த 24 பேரின் பெயர்களை வெளியிடுவதில்லை, யார் யாருக்கு எத்தனை ஓட்டு என்பதும் வெளியே வராது. பேஸ்பால் ஹாலில் சதவீதம் வரை அறிவிக்கிறார்கள். இங்கே அது இல்லாதது பெரிய குறை என்பது என் கருத்து. ஒருவர் 17 ஓட்டில் விட்டாரா, 3 ஓட்டில் விட்டாரா என்று தெரியாமல் எதை வைத்து வாதிடுவது?

பங்களிப்பாளர்களுக்குப் பல ஆண்டுகள் வேறு பாதை இருந்தது. அவர்களுக்கென்று தனிக் கமிட்டி, அதுவே நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிடும். 2024-ல் வெஸ்ட், டக் காலின்ஸ், ஹெர்ப் சைமன் வந்தது அப்படித்தான். 2025-ல் மயாமி ஹீட் முதலாளி மிக்கி அரிசனின் பெயர் மற்றவர்களோடு ஃபைனலிஸ்ட் பட்டியலில் வந்தது. நடைமுறையை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பதால் பழைய கட்டுரை எதையாவது படித்துவிட்டு "இதுதான் விதி" என்று முடிவுகட்ட வேண்டாம். வீரர்களுக்கான காத்திருப்பும் முன்பு ஐந்து முழு சீசன், பிறகு படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள்.

வழக்கமாக பிப்ரவரியில் ஆல்-ஸ்டார் வார இறுதியில் ஃபைனலிஸ்டுகள், ஏப்ரலில் ஃபைனல் ஃபோர் (கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம்) சமயத்தில் இறுதிப் பட்டியல், கோடை முடிவில் விழா. இதுவும் நகரும். 2024-ல் விழா அக்டோபருக்குப் போனது. 2020 கிளாஸ் (அந்த ஆண்டுக்குத் தேர்வானவர்களின் குழு), அதாவது கோபி, டங்கன், கார்னெட் வந்த கிளாஸ், 2021 மே மாதம்தான் கனெக்டிகட்டில் சேர்க்கப்பட்டது. அதனால் கிளாஸ் ஆண்டையும் விழா ஆண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஹாலில் எழுதியிருக்கும் வருடத்துக்கும் செய்திகளில் வரும் வருடத்துக்கும் இடையே வித்தியாசம் வருவது இதனால்தான்.

ஷாட்கிளாக்24

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். இந்தப் பிரிவை மட்டும் ஒழுங்காகப் பார்த்தாலே இன்றைய ஆட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். என் வரிசையில் முதல் ஆள் டேனி பையசோன்.

1950 நவம்பர் 22. ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. அதுதான் முழு ஆட்டத்தின் ஸ்கோர். லேக்கர்ஸில் அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரமான ஜார்ஜ் மைக்கன் இருந்ததால், பந்தை அவர் பக்கமே போக விடாமல் பிஸ்டன்ஸ் கையிலேயே வைத்துக்கொண்டது. விதியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எதிரணி வேறு வழியில்லாமல் ஃபவுல் செய்யும், ஆட்டம் ஃப்ரீ த்ரோ வரிசையாக முடியும். பார்க்க வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் முதலாளியான பையசோன் பௌலிங் அரங்கு நடத்தியவர். அவர் எடுத்துக்கொண்ட கணக்கு மிக எளியது. நன்றாக, ரசிக்கும்படி நடந்த ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் சுமார் 60 ஷாட் எடுத்திருந்தது. இரண்டு அணிக்கும் 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், 2880 விநாடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அணியின் ஜெனரல் மேனேஜர் லியோ ஃபெர்ரிஸுக்கும் இந்தக் கணக்கில் முக்கியப் பங்கு உண்டு. 1954–55 சீசனில் ஷாட் கிளாக் வந்தது: பந்து கிடைத்த 24 விநாடிக்குள் அணி ஷாட் எடுத்தாக வேண்டும். ஓர் அணியின் சராசரி ஸ்கோர் முந்தைய சீசனில் 79.5, அந்த சீசனில் 93.1. ஒரு விதி, ஒரே வருடம். பையசோன் 1992-ல் காலமானார், ஹாலில் சேர்த்தது 2000-ல். உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

ஷூ விற்பனையாளர் என்று நீங்கள் சொன்னவர் சக் டெய்லர், கான்வெர்ஸ் நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போனவர். விற்பனைக்குப் போன இடத்திலெல்லாம் பள்ளி, கல்லூரிப் பையன்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார். பாஸ் கொடுப்பது எப்படி, ஷாட் எடுப்பது எப்படி என்று டிவி இல்லாத காலத்தில் நேரில் காட்டியவர். 1969-ல் சேர்த்தார்கள்.

வர்ணனையாளர் விஷயத்தில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டும். கர்ட் கௌடி மீடியா விருது என்று ஹாலே ஆண்டுதோறும் கொடுக்கிறது. அதைப் பெற்றவர்கள் ஹாலில் சேர்ந்தவர்கள் அல்ல, அது விருது மட்டும். செய்திகளில் இதைக் கலந்துவிடுகிறார்கள். லேக்கர்ஸ் வர்ணனையாளர் சிக் ஹெர்ன் அந்த விருதை 1992-ல் வாங்கினார். பங்களிப்பாளராகச் சேர்ந்தது 2003-ல், அவர் மறைந்த பிறகு. தொடர்ச்சியாக 3,338 ஆட்டங்கள் வர்ணனை செய்தவர்.

லாய்டு கதை வேறு. 1950-ல் மூன்று கறுப்பின வீரர்கள் என்பிஏவுக்குள் வந்தார்கள். டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதலில் எடுக்கப்பட்டவர் சக் கூப்பர். நாட் கிளிஃப்டன் நியூயார்க் நிக்ஸுடன் ஒப்பந்தம் போட்டார். அக்டோபர் 31 அன்று வாஷிங்டன் கேபிடல்ஸுக்காக இறங்கி, முதலில் ஆடியவர் எர்ல் லாய்டு. அவருடைய மொத்த சராசரி ஆட்டத்துக்கு 8.4 புள்ளி. அந்த எண்ணை வைத்து வீரர் பிரிவில் எடைபோட்டால் அவர் உள்ளே வரவே முடியாது. அவர் செய்தது புள்ளிக் கணக்கில் அடங்காது என்பதால் பங்களிப்பாளராக 2003-ல் சேர்த்தார்கள். கிளிஃப்டன் 2014-ல் அதே பிரிவில். கூப்பர் 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பில் ரஸல் 1975-ல் தன்னைச் சேர்த்த விழாவுக்கே போகவில்லை. தனக்கு முன்னால் சேர வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் நிலை. கூப்பர் சேர்ந்த பிறகு, 2019-ல்தான் ஹாலின் மோதிரத்தை வாங்கிக்கொண்டார். ஹாலின் டோமில் (சேர்க்கப்பட்டவர்களின் படங்கள் உள்ள கோள வடிவக் கூடம்) இந்த நால்வர் படத்தையும் தேடிப் பாருங்கள்.

விசில்

உள்ளே போகும் வரிசை பற்றி.

இப்போதைய கட்டடம் மூன்றாவது. முதலாவது 1968-ல் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி வளாகத்தில், இரண்டாவது 1985-ல் ஆற்றங்கரையில், இது 2002-ல் அதன் அருகில். 91-ம் நெடுஞ்சாலையில் வரும்போதே வெள்ளி நிறக் கோளம் கண்ணில் படும். 2021 வாக்கில் உள்ளே பெரிய அளவில் மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய வீடியோவையோ வரைபடத்தையோ நம்பி "இது இந்த மூலையில் இருக்கும்" என்று தேடினால் கிடைக்காது.

கீழேயிருந்து தொடங்க வேண்டாம். நுழைந்ததும் பந்துச் சத்தம் கேட்கும், கோர்ட் கண்ணெதிரே இருக்கும், கால் தானாக அங்கே போகும். அங்கே நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும். நேராக லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போங்கள். டோமின் உள்வளைவைச் சுற்றி, சேர்க்கப்பட்டவர்களின் படங்கள் இருக்கும். அங்கே தொடங்கி இரண்டாவது மாடி வரலாற்றுப் பகுதியைப் பார்த்துக்கொண்டே இறங்கி, கடைசியில் கோர்ட்டில் ஷூட் பண்ணுங்கள். கை வியர்வையோடு தொடுதிரைகளைத் தேய்க்கும் பிரச்சினையும் வராது.

டோமில் நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். வெறுமனே சுற்றிவந்தால் தெரிந்த முகங்களில் மட்டும்தான் கண் நிற்கும், பங்களிப்பாளர்கள் தவறிவிடுவார்கள். நீங்கள் பார்க்க நினைக்கும் பத்துப் பெயரையும் அவரவர் கிளாஸ் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். சுற்றுப்புறம் இருட்டு, படங்கள் வெளிச்சம். போன் இருட்டைக் கணக்கில் எடுத்து முகங்களை வெள்ளையாக்கிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்தி எக்ஸ்போஷரை லாக் செய்து, கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

நேரம்: மேல்மாடிக்கு 45 நிமிடம், நடு மாடிக்கு ஒன்றரை மணி நேரம், கோர்ட்டுக்கு மீதி. மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் அவசரமாகிவிடும். சீசனைப் பொறுத்துத் திறக்கும் நாட்களே மாறும், கோர்ட்டில் தனி நிகழ்ச்சி நடந்தால் பொதுமக்களுக்கு விட மாட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் இரண்டையும் சரிபார்க்கவும். ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை வார இறுதியில் ஹூப்ஹால் கிளாசிக் என்ற பள்ளி அணிகளின் போட்டி ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் நடக்கும். அந்த நாட்களில் ஊர் நிரம்பி வழியும்.

13 விதிகள்: அசல் தாள்கள் இரண்டும் ஸ்பிரிங்ஃபீல்டில் இல்லை. 2010 டிசம்பரில் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போயின. வாங்கியவர் டேவிட் பூத், கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். இப்போது லாரன்ஸ் நகரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் டிபுரூஸ் மையத்தில் இருக்கின்றன. நெய்ஸ்மித் அங்கேதான் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்.

ஹைபோஸ்ட்

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. நெய்ஸ்மித்தே எந்தப் பிரிவு? கன்சாஸில் பயிற்சியாளராகவும் இருந்தாரே. பெண்கள் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர்கள் யாராவது இந்தப் பிரிவில் இருக்கிறார்களா?

பேக்போர்டு

பங்களிப்பாளர்தான், 1959-ன் முதல் கிளாஸ். கன்சாஸில் அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அவருக்குப் பின் வந்த ஃபாக் ஆலன் அதே 1959-ல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இரண்டு வாரத்தில் குளிர்காலத்துக்கு ஓர் உள்ளரங்க விளையாட்டு உருவாக்கு என்று நெய்ஸ்மித்திடம் சொன்ன லூதர் குலிக்கும் அதே ஆண்டு, அதே பிரிவு. 1891 டிசம்பரில் முதல் ஆட்டம் ஆடிய 18 மாணவர்களும் "முதல் அணி" என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

வரலாற்றுப் பகுதியில் பீச் கூடையைப் பார்க்கும்போது உயரத்தைக் கவனியுங்கள். நெய்ஸ்மித் கேட்டது பெட்டி, கட்டடப் பராமரிப்பாளரிடம் இருந்தது பீச் பழக் கூடை. அதை மாடிக் கைப்பிடியில் அடித்தார்கள், அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி. இன்றுவரை வளையம் 10 அடியில் இருப்பது அதனால்தான். அந்த மாடியில் நின்ற பார்வையாளர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால் கூடைக்குப் பின்னால் தடுப்பு வைத்தார்கள். பேக்போர்டு வந்த வழி அது. பந்தை அதில் பட்டுத் திரும்ப வைத்து உள்ளே போடுவது பிறகு வீரர்கள் கண்டுபிடித்துக்கொண்டது.

ஷாட்கிளாக்24

பெண்கள் பக்கம் சென்டா பெரென்சன். நார்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் கல்லூரி, ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வடக்கே சுமார் 20 மைல். நெய்ஸ்மித்தின் விதிகளை 1892-லேயே தன் மாணவிகளுக்காக மாற்றி எழுதினார். கோர்ட்டை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தன் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும். அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. இன்று பார்த்தால் கட்டுப்பாடாகத் தெரியும். பெண்கள் ஓடியாடுவதே உடலுக்குக் கேடு என்று டாக்டர்கள் சொல்லிவந்த காலம் அது. கல்லூரி நிர்வாகங்கள் அனுமதி கொடுத்தது இந்த விதிகளை நம்பித்தான்.

1985-ல் மார்கரெட் வேடு, பெர்தா டீக் ஆகியோருடன் சேர்க்கப்பட்ட முதல் மூன்று பெண்களில் அவரும் ஒருவர். வீராங்கனைகள் உள்ளே வர 1992 ஆனது: லூசியா ஹாரிஸ், நெரா வைட். பெண்கள் ஆட்டத்துக்கென்றே தனி ஹால் டென்னசியில் நாக்ஸ்வில்லில் 1999-ல் திறந்தது. இரண்டும் வேறு நிறுவனம், வேறு பட்டியல். ஒன்றில் இருப்பவர் மற்றதிலும் இருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விசில்

காரில்தானே போகிறீர்கள்? ஹாலில் முடித்ததும் இன்னொரு இடம். முதல் ஆட்டம் நடந்த ஜிம் இப்போது இல்லை, அது இருந்தது நகருக்குள் மேசன் ஸ்கொயரில், ஸ்டேட் தெருவும் ஷெர்மன் தெருவும் சந்திக்கும் பக்கம். அங்கே ஒரு நினைவுச் சிற்பம் வைத்திருக்கிறார்கள். ஹாலிலிருந்து பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம், டிக்கெட் கிடையாது. நேரம் குறைந்தால் கோர்ட்டில் 15 நிமிடம் குறைத்துக்கொண்டு இதைப் பார்த்துவிட்டு 91-ல் தெற்கே திரும்புங்கள்.