முட்டையின் கொம்புகள் ஒட்டிப்போவது எதனால்: பை-ஆர்என்ஏ இல்லாததாலா, செக்2 விழிப்பதாலா?

ஈக்கூடு:
பழ ஈ முட்டையின் அச்சை (தலை-வால், முதுகு-வயிறு என்ற திசைகளை) பை-ஆர்என்ஏதான், அதாவது இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களை அடக்கிவைக்கும் குட்டி ஆர்என்ஏதான், அமைக்கிறது என்று கருவியல்பித்தன் வேறொரு இழையில் எழுதியிருந்தார். மறுக்கிறேன். அவர் காட்டும் சான்று இது: பை-ஆர்என்ஏவைத் தாங்கும் ஓபர்ஜீன் புரதம் இல்லாத தாய் ஈ இடும் முட்டைகளில் முதுகுப்புறக் கொம்புகள் (ஓட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள்) இரண்டும் ஒட்டிப்போகின்றன, அல்லது முளைப்பதே இல்லை. கவனித்தது சரி, காரணம் தப்பு. ஓபர்ஜீன் போனால் தாவும் மரபணுக்கள் கட்டவிழ்கின்றன, டிஎன்ஏவின் ஈரிழையும் அறுபடுகிறது. இந்தச் சேதத்தைக் கண்டதும் ஏடிஆர், செக்2 என்ற காவல் கைனேஸ்கள் (பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) விழிக்கின்றன. செக்2 வேலை செய்யத் தொடங்கினால் வாசா புரதத்தில் பாஸ்பேட் ஏறி, குர்கென் என்ற சமிக்ஞைப் புரதத்தின் உற்பத்தி குறைகிறது. குர்கென் சமிக்ஞை வராத ஃபாலிகிள் செல்களுக்கு (முட்டையைச் சூழ்ந்திருப்பவை) முதுகு எந்தப் பக்கம் என்று தெரியாது. 2007-இல் கிளாட்டன்ஹாஃப் குழுவினர் ஓபர்ஜீனோடு செக்2-வையும் நீக்கினார்கள். கொம்புகள் பெருமளவு திரும்பின. அச்சை அமைப்பது பை-ஆர்என்ஏ என்றால், அது இல்லாமலே எப்படித் திரும்பின?

(ஓபர்ஜீன் என்றால் கத்தரிக்காய், குர்கென் என்றால் ஜெர்மனில் வெள்ளரிக்காய். முட்டை மரபணுக்களுக்குப் பெயர் வைத்தவர்கள் காய்கறிக் கடையில் நின்றிருக்க வேண்டும்.)

கருவியல்பித்தன்:
கொம்பு திரும்பியது, புழு வெளியே வந்ததா? அந்த இரட்டைத் திரிபு முட்டைகள் பொரிப்பதில்லை. நீங்கள் அலாரத்தை அணைத்தீர்கள், தீ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று: வாசா வெறும் இடைத்தரகர் அல்ல. முட்டைக்கு ஊட்டம் தரும் நர்ஸ் செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள நுவாஜ் என்ற திரளில் ஓபர்ஜீனும் அதன் கூட்டாளிப் புரதமான ஆகோ3-யும் ஆர்என்ஏவை மாறி மாறி வெட்டி பை-ஆர்என்ஏவைப் பெருக்கும் பிங்-பாங் சுழற்சிக்கு அதுவே தேவை. அதனால் வாசாவைத் தொட்ட எந்தச் சோதனையிலும் காரணமும் விளைவும் ஒன்றாகக் கலந்துவிடும். நேரடி வேலைக்குச் சான்று வேண்டுமென்றால் 2010-இல் வந்த ரூஜே குழுவின் ஆய்வைப் பாருங்கள். கருவின் வால்புறத்தை அமைக்கும் நானோஸ் மரபணுவின் எம்ஆர்என்ஏ வால்பகுதியில் ரூ, 412 என்ற தாவும் மரபணுக்களின் பை-ஆர்என்ஏ ஒட்டும் இடங்கள் உள்ளன. ஓபர்ஜீன், ஸ்மாக், சிசிஆர்4 என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து அதன் ஏ-வாலை (எம்ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் நுனியை) கத்தரிக்கின்றன. அந்த இடங்களை நீக்கினால் நானோஸ் தங்கிவிடுகிறது, கருவின் தலை கெடுகிறது.

ஈக்கூடு:
கேள்வியை மாற்றிவிட்டீர்கள். நானோஸ் கதை நடப்பது முட்டை இட்ட பிறகு, முதல் சில மணி நேரத்தில். அது தலை-வால் அச்சு. கொம்பு தீர்மானமாவது சூலகத்துக்குள், ஃபாலிகிள் செல்கள் முட்டையோட்டைச் சுரப்பதற்கு முன்பே. தலைப்பில் கொம்பு என்றுதான் போட்டிருக்கிறேன்.

தாவும்மரபணு:
நீங்கள் இருவருமே மறந்துவிட்ட சோதனை ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது. பி-எலிமென்ட் என்ற தாவும் மரபணு உள்ள ஹார்விச் வகை ஆண் ஈயை, அது இல்லாத பெண்ணோடு சேர்த்து 29 டிகிரியில் வளர்த்தால் மகள்களின் சூலகம் சூம்பிப்போகும், முட்டையே வராது. தாய்-தந்தையை மாற்றிச் சேர்த்தால் மகள்கள் நலம். இரண்டிலும் மகளின் மரபணுத்தொகுதி ஒன்றுதான். தாய் தன் முட்டையில் வைத்துக் கொடுத்த பை-ஆர்என்ஏ மட்டும்தான் வேறு. பிவி, ஓபர்ஜீன், வாசா என்ற பை-ஆர்என்ஏ பாதைப் புரதங்கள் எல்லாம் முழுசாக இருந்தும் ஒரே ஒரு தாவும் மரபணுவுக்கு எதிரான பை-ஆர்என்ஏ இல்லாதது போதுமாயிற்று. ஈக்கூடு சொல்வதற்கு இது வலுச் சேர்க்கிறது. ஆனால் கெடுவது கொம்பு அல்ல, ஜெர்ம்லைனே (முட்டையை உண்டாக்கும் செல்வரிசையே) என்பதையும் கவனியுங்கள்.

சோதனைக்குழாய்:
வாதம் இருக்கட்டும், இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் விழும் குழிகளைச் சொல்கிறேன்.

செக்2 மரபணுவும் ஓபர்ஜீனும் இரண்டாம் குரோமோசோமின் ஒரே கையில் இருக்கின்றன. இரட்டைத் திரிபுக்கு மறுசேர்க்கை வேண்டும், பிசிஆரில் உறுதிசெய்ய வேண்டும். அது சுமை என்றால் பை-ஆர்என்ஏ பாதையின் இன்னொரு மரபணுவான ஆர்மிடேஜின் திரிபை எடுங்கள். அது மூன்றாவதில் இருக்கிறது.

டிஎன்ஏ அறுந்த இடத்தைக் காட்டும் காமா-எச்2ஏவி புள்ளிகளை எண்ணும்போது, சூலகக் குழாயின் நுனியான ஜெர்மேரியத்தை ஒதுக்குங்கள். அங்கே மியாசிஸ் வெட்டுகள் நல்ல ஈயிலும் தெரியும். அடுத்தடுத்த நிலைகளில் நர்ஸ் செல்களில் தொடர்ந்தால்தான் அது சேதம்.

வேண்டிய மரபணுவை இயக்கப் பயன்படும் பழைய யுஏஎஸ்டி கட்டுமானத்தை ஓபர்ஜீன் திரிபுக்குள் போடாதீர்கள். சாதாரண ஜெர்ம்லைனில் அது அடங்கிக் கிடப்பதே அதிலுள்ள எச்எஸ்பி70 மரபணுத் துண்டைக் குறிவைக்கும் பை-ஆர்என்ஏக்களால்தான் என்று டிலூக்காவும் ஸ்பிராட்லிங்கும் 2018-இல் காட்டினார்கள். பாதை உடைந்தால் அது விழித்துக்கொள்ளும். கட்டுப்பாட்டு ஈயும் சோதனை ஈயும் ஒரே அளவு புரதம் செய்யாது. இந்தக் குழியில் விழுந்தவர்களுக்கு விழுந்ததே தெரியாது.

பை-ஆர்என்ஏ வரிசையாக்கத்தில் தொல்லை 2எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற ரைபோசோம் ஆர்என்ஏ. அதன் நீளம் 30 எழுத்து, பை-ஆர்என்ஏ 23 முதல் 29 வரை. ஜெல்லை எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கூடவே வரும், எதிரிழை ஒலிகோ (அதோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி டிஎன்ஏ) போட்டுத் தடுங்கள். பெர்அயோடேட் ஆக்சிஜனேற்றம் செய்தால் நுனியில் மெத்தில் உள்ள பை-ஆர்என்ஏ தப்பும், மைக்ரோஆர்என்ஏ போய்விடும். ஆகவே அந்த நூலகத்தை (வரிசையாக்கத் தயாரித்த ஆர்என்ஏத் தொகுப்பை) மைக்ரோஆர்என்ஏவால் சமன்செய்ய முடியாது. ஆக்சிஜனேற்றாத ஜோடி ஒன்றும் செய்யுங்கள்.

கருவியல்பித்தன்:
யுஏஎஸ்டி விஷயம் உறைத்தது. கொம்பைப் பொறுத்தவரை செக்2 வழியை ஒப்புக்கொள்கிறேன். "முட்டையின் அச்சு" என்று மொத்தமாக எழுதியது என் பிழை. ஆனால் பொரிக்காமல் போவதையும் டிஎன்ஏ சேதத்தின் கணக்கிலேயே எழுத விடமாட்டேன். நானோஸில் செய்ததுபோல ஒட்டும் இடத்தை மட்டும் நீக்கி, ஓபர்ஜீனைத் தொடாமல் விட்டால்தான் இரண்டும் பிரியும்.

ஈக்கூடு:
அதில் தகராறு இல்லை. குர்கென் எம்ஆர்என்ஏவில் அப்படி ஒட்டும் இடம் ஒன்றைக் காட்டுங்கள், கொம்பையும் விட்டுத்தருகிறேன்.