மறு: 'ஸ்கிர்மிஷ்' ஆட்டத்துக்குத் தமிழில் ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'ஸ்கிர்மிஷ்' ஆட்டத்தைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று ஒரு வரியில் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை அறுந்துபோகும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. என்னிடம் 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள் ஒரு டஜன் இருக்கின்றன. விண்வெளிக் கவசம், தலைக்கூடு, கையில் ஏதோ ஒரு துப்பாக்கி. இவற்றை வைத்து இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டுக்குள் முடிக்கக்கூடிய ஆட்டவிதிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் தேடினால் 'ஸ்கிர்மிஷ்' (சில ஆட்கள் மட்டும் மோதும் சிறு சண்டை) என்ற ஒரு சொல்லே வேண்டியதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறது. அக்கா மகனுக்காக அந்த விதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> கைகலப்பு என்று அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக எதற்கு?

ஐயா, கைகலப்பு என்றால் கை கலக்க வேண்டும். இங்கே ஒருவன் மேசையின் அந்தக் கோடியில் ஒரு குழாய்க்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு லேசரால் சுடுகிறான். இவன் இந்தக் கோடியில் விழுகிறான். இருவரும் முகம்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான விதிப் புத்தகங்களில் சுடுவதற்கு விதி தனி, ஒட்டி நின்று அடித்துக்கொள்வதற்கு விதி தனி. அந்த இரண்டாவதற்குக் கைகலப்பு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதை அங்கே பத்திரப்படுத்துவோம்.

> சிறுபோர், குறும்போர், சின்னச் சண்டை: இவற்றில் ஒன்று போதாதா?

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். 'சிறிய' என்பது எதைச் சொல்கிறது? பொம்மை சிறியதா, சண்டை சிறியதா? இந்தப் பொழுதுபோக்கில் இவை இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 6 மில்லிமீட்டர்ப் பொம்மைகளை வாங்குகிறவர் ஒரு முழுப் படையையே மேசையில் பரப்புவதற்காக வாங்குகிறார். ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரே அட்டையில் நாலைந்து ஒட்டியிருக்கும். ஐந்தாறு ஆட்களை மட்டும் வைத்து ஆடுகிறவர் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் வரை தெரிகிற 28 மில்லிமீட்டரைத் தேடுகிறார். பொம்மை பெரிதாகும்போது போர் சிறிதாகிறது. இந்த லட்சணத்தில் 'சிறு' என்று தொடங்கினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? (பொம்மையின் அளவுக்கு யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'அளவுத்திட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் வரைபடத்துக்கு அதைத்தான் சொல்கிறார்கள். நம் பக்கத்து 'அளவுகோல்' கையில் பிடிக்கிற ஸ்கேலையும் குறிப்பதால் குழப்பம். அளவுத்திட்டம் முடிந்தது, அடுத்தது.)

சண்டையின் அளவுதான் அடையாளம் என்று வைத்துக்கொண்டாலும் சரிவரவில்லை. எத்தனை ஆள் வரை சின்னச் சண்டை? பத்தா, இருபதா? ஒரு மாதமாக விதிகளைப் புரட்டியதில் எனக்குப் பட்டது இதுதான்: எண்ணிக்கை ஒரு விளைவு மட்டுமே. ஒரு பொம்மைக்கு ஒரு ஆள் என்பதே இந்த வகையின் உயிர். ஒவ்வொரு ஆளுக்கும் தனி முறை, தனிக் காயம், தனி விதி. பெரிய ஆட்டத்தில் 'இந்த அணியில் மூன்று பேர் போனார்கள்' என்று எடுத்து ஓரமாக வைக்கிறோம். இங்கே போவது இன்னார் என்று பெயர் சொல்லத் தெரிகிறது.

சில எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இது விளங்காது.

ஸ்டார்கிரேவ் என்ற விண்வெளி ஆட்டம் 2021இல் வந்தது. ஒரு தலைவன், ஒரு துணைத்தலைவன், எட்டு வீரர்கள், ஆகப் பத்துப் பேர். சண்டைக்கு இருபது முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். ஆறு முகத்தில் கிடைக்காத தாறுமாறு இதில் கிடைக்கும். ஒரே உருட்டில் பெரிய ஆள் சாய்வதும் உண்டு. ஸ்பெயின் நாட்டு இன்ஃபினிட்டி என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனும் பொதுப் பையில் ஒரு கட்டளையைப் போடுகிறான். பையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குச் செலவழித்து அவனை மேசை முழுக்க ஓடவிடலாம். ஆனால் அவன் ஓடும்போது அவனைப் பார்க்கிற எதிரி ஒவ்வொருவனும் உடனே எதிர்வினை செய்யலாம், தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதன்முறை படித்தபோது பல்லாங்குழி நினைவுக்கு வந்தது: எல்லாவற்றையும் ஒரு குழியிலிருந்து வாரி எடுத்துப் போகிற அதே துணிச்சல், அதே வயிற்றுக் கலக்கம்.

ஒரு இத்தாலியர் தன் நிறுவனத்துக்குக் கணேசா கேம்ஸ் என்று பெயர் வைத்து (பிள்ளையார் சுழி அங்கேயும் போயிருக்கிறது) 2007இல் வெளியிட்ட விதிகளில் வேறொரு சூட்சுமம். ஒரு ஆளை நகர்த்த ஒன்று முதல் மூன்று பகடை வரை உருட்டலாம், எத்தனை என்பது உங்கள் இஷ்டம். தேறுகிற பகடைக்கு ஒரு செயல். இரண்டு பகடை தேறவில்லையென்றால் ஆட்டம் எதிராளி கைக்குப் போய்விடும். மூலம் வாளும் மந்திரமும் என்றாலும் அதே எந்திரத்தை அறிவியல் புனைகதைக்கும் பொருத்தியிருக்கிறார்கள்.

இப்போது மாற்று உதாரணம். 1996இல் வந்த ஸ்டார்கிரண்ட் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, தேடுகிறவர்கள் தவறவிடக் கூடாது. படையினரின் தேர்ச்சிக்கு ஏற்பப் பகடையே மாறும்: பயிற்சியே இல்லாதவனுக்கு நான்கு முகம், தேர்ந்த வீரனுக்குப் பன்னிரண்டு. பொம்மைகள் தனித்தனியாகத்தான் நிற்கும். ஆனால் கட்டளை போவது அணிக்கு; மனம் தளர்வதும் அணிக்கே. இதையும் 'ஸ்கிர்மிஷ்' என்று அலமாரியில் வைக்கிறவர்கள் உண்டு. என் கணக்கில் இது அந்த வகை இல்லை. நல்ல ஆட்டம், வேறு ஆட்டம்.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இன்று நூறு பொம்மைகளை மேசையில் கொட்டி ஆடப்படும் வார்ஹேமர் 40,000, 1987இல் முதல் புத்தகமாக வந்தபோது சில ஆட்களின் சண்டையாகவே இருந்தது; நடுவர் ஒருவர் உட்கார்ந்து கதையும் சொல்ல வேண்டும். பொம்மைகள் பெருகப் பெருக ஆட்டம் படையாட்டமாகிவிட்டது. அப்புறம் அதை வெளியிட்ட நிறுவனமே விட்ட இடத்தை நிரப்பக் கில் டீம் என்று தனியாக வெளியிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> தூசி. பழந்தமிழில் படைக்கு முன்னால் செல்லும் பிரிவு. பொருள் கச்சிதம்.

பொருள் கச்சிதம்தான், மறுக்கவில்லை. ஐரோப்பியப் படைகளிலும் 'ஸ்கிர்மிஷர்' என்றால் அணிவகுப்புக்கு முன்னால் சிதறிப் பரவிப் போகிறவன். அந்த வகையில் இது நேருக்கு நேர். ஆனால் என் அக்கா வீட்டில் போய் "ஞாயிற்றுக்கிழமை தூசி ஆட்டம்" என்றால் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவாள். இறந்த பொருளை எழுப்பலாம்; அந்த இடத்தில் வேறொரு பொருள் குடியேறி வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும்போது எழுப்புவது கடினம்.

> சமர் நல்ல சொல், சின்னச் சொல், ஆட்டம் சேர்த்தால் 'சமராட்டம்' என்று ஓசையும் வருகிறது.

இதற்கு யாழ்ப்பாணத்து அக்காவே பதில் எழுதிவிட்டார்: "எங்களுக்கு அது வானொலிச் செய்தியில் கேட்ட சொல். அதை மேசையில் வைத்து விளையாட மனம் வரவில்லை." அதற்குமேல் நான் வாதிட விரும்பவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

> வெட்சி!

தம்பி, ஆச்சரியக்குறியைத் தவிர வேறு எதுவும் எழுதாமல் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தாய்.

பழந்தமிழ் இலக்கணம் போரைப் பூக்களின் பெயரால் திணைகளாகப் பிரிக்கிறது. தும்பை என்றால் இரு படையும் களம் குறித்து எதிரெதிர் நின்று பொருவது. உழிஞை என்றால் மதிலை வளைப்பது. வெட்சி அப்படியல்ல, ஒரு சிறு கூட்டம் இரவில் போய் ஆநிரையைக் கவர்ந்து வருவது. தொல்காப்பியம் அதற்குப் பதினான்கு துறை சொல்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டார்கிரேவையும் விரித்தேன். போகுமுன் நற்சொல் கேட்பது, பகைவர் அறியாமல் போவது, ஒற்றறிவது, சூழ்ந்துகொள்வது, மாடுகளைக் கவரும் ஆகோள், துரத்தி வருகிறவர்களைத் தடுக்கும் பூசல் மாற்று, கவர்ந்ததை நோகாமல் ஓட்டி வருவது, வீடு வந்து பங்கு பிரிக்கும் பாதீடு, பிறகு உண்டு களிக்கும் உண்டாட்டு. ஸ்டார்கிரேவில் எதிரியைக் கொல்வது முக்கியமில்லை. மேசையில் கிடக்கும் கொள்ளைப் பொருளைப் பூட்டுத் திறந்து எடுத்துக்கொண்டு மேசை விளிம்பைத் தாண்ட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு எதற்கு என்ன கிடைத்தது என்று பகடை உருட்டி, காயம்பட்டவன் பிழைத்தானா என்று பார்த்து, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். மாட்டுக்குப் பதில் தரவுப்பெட்டி, மற்றதெல்லாம் அப்படியே.

புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் ஒரு படி போகிறது. மன்னன் ஏவிப் போவது மன்னுறு தொழில், தானாகக் கிளம்பிப் போவது தன்னுறு தொழில். கில் டீம் முதல் வகை, மேலிடம் அனுப்பிய சிறப்புக் குழு. ஸ்டார்கிரேவும், தனியாக உட்கார்ந்தே ஆடக்கூடிய ஃபைவ் பார்செக்ஸும் இரண்டாம் வகை. நாலு காசுக்காகக் கப்பலேறிய கூட்டம். விதிகளைத் தேடுகிறவருக்கு இந்தப் பிரிவினை உண்மையிலேயே பயன்படும். ஏவிப் போகும் வகையில் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு இறுக்கமாக இருக்கும். தானாகப் போகும் வகையில் சமநிலை கொஞ்சம் ஆடினாலும் கதை வளர்ந்தால் போதும். யாருடன் ஆடப் போகிறோம் என்பதைப் பொறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பொருந்தியும் வெட்சியைப் பொதுச்சொல்லாக வைக்க எனக்குத் தயக்கம். எல்லா 'ஸ்கிர்மிஷும்' கொள்ளையடிப்பு இல்லை. பாலத்தைக் காப்பது, காயம்பட்டவனை மீட்பது, சும்மா அடித்துக்கொள்வது எல்லாம் உண்டு. வெட்சியை ஒரு காட்சிவகையின் பெயராக வைக்கலாம்: "இன்றைக்கு வெட்சிக் காட்சி", எடுத்ததை மீட்க வருகிறவனுக்குக் கரந்தை. கோட்டையைக் காப்பது நொச்சி. இந்த மூன்றையும் என் விதித்தாளில் எழுதியே விட்டேன்.

ஆனால் வெட்சியைக் கிளறப் போய்த்தான் வேண்டிய சொல் கிடைத்தது. பூசல் மாற்று என்று மேலே வந்ததே, அந்தப் பூசல். சங்கப் பாடல்களில் போர் என்றும் ஆரவாரம் என்றும் வருகிறது. இன்றும் சாகவில்லை, எல்லைப் பூசல், கட்சிப் பூசல் என்று நாளிதழில் காண்கிறோம். முழுப் போர் இல்லை, சும்மா வாய்ச்சண்டையும் இல்லை, யார் யாரோடு மோதுகிறார்கள் என்று ஆள் தெரிகிற சண்டை. பூசலாட்டம், பூசல் விதி, பூசல் குழு என்று தொடர்களும் எளிதாக அமைகின்றன. இலக்கண ஐயா பூசற்குழு, பூசற்களம் என்று எழுதச் சொல்வார். எழுதட்டும். பகடை உருட்டும் பதிமூன்று வயதுப் பையனிடம் நான் வற்புறுத்தப் போவதில்லை.

'ஆட்டம்' எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 'போர் விளையாட்டு' நீளம் என்று போரையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், என்ன வருகிறது? போராட்டம். கொடி பிடித்துச் சாலையில் உட்கார வேண்டியதுதான். பூசலில் அந்த விபத்து இல்லை. ஆடுபுலி ஆட்டம் இருக்கிற ஊரில் ஆட்டம் என்பது மேசைக்கும் திண்ணைக்கும் பழகிய சொல்தானே.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். பூசு என்ற வினையிலிருந்தும் பூசல் வரும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் பொம்மைக்கு வண்ணம் பூசுவதிலேயே போகிறது. "நேற்று முழுக்கப் பூசல்" என்றால் சண்டையா, சாயமா? வீட்டில் கேட்டால் இரண்டும் என்பார்கள். வண்ணத்துக்குத் 'தீட்டல்' என்று ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

பொம்மைக்கு என்ன சொல் என்பதில் 'சிற்றுரு'வுக்கு ஆதரவு அதிகம். எனக்கும் சம்மதம், பேச்சில் பொம்மை என்றே சொல்வேன்.

முடிவாகாதது ஒன்று. ஒரு ஆளுக்கு முறை வந்து அவனைச் செயல்பட வைப்பதை ஆங்கிலத்தில் 'ஆக்டிவேஷன்' என்கிறார்கள். மாற்றி மாற்றி ஆளுக்கொரு பொம்மையாக நகர்த்தும் விதிகளில் பக்கத்துக்குப் பத்து முறை வரும் சொல் இது. 'இயக்கம்' என்றால் நகர்வதோடு குழம்புகிறது. 'முறை' என்றால் ஆட்டக்காரரின் முறையா, பொம்மையின் முறையா என்று கேள்வி. 'ஏவல்' என்று எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது. என் அக்கா எட்டிப் பார்த்து, "பில்லி சூனியம் எல்லாம் எதற்குடா பிள்ளைக்கு?" என்றாள்.

வேறு சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு மதியம் முதல் பூசலாட்டம், வெட்சிக் காட்சி, மூன்றடிக்கு மூன்றடி மேசை. பாறைகளுக்குத் தேங்காய் ஓடு எடுத்து வைத்திருக்கிறேன்.