சாப்பிட உட்கார்ந்தாலே மடியில் தலை வைக்கும் லேப்ரடார்: என்ன செய்யலாம்?

தென்காசிக்காரி:
எங்க வீட்டு சீனுவுக்கு மூணு வயசு, லேப்ரடார். தட்டு வைக்கிற சத்தம் கேட்டாப் போதும், ஓடி வந்து முழங்கால்மேல தாடையை வச்சுக்கும். புடவையெல்லாம் எச்சில். கண்டுக்காம இருந்தா முதல்ல முனகல், அப்புறம் குரைப்பு. அதுக்கு வயிறு முட்டப் போட்டுட்டுத்தான் நாங்க உட்காருறோம். விருந்தாளி வந்தா மானம் போகுது. வழி சொல்லுங்க.

மணிமாறன்:
யாரோ கொடுக்கிறாங்க. யாரு?

தென்காசிக்காரி:
மாமனார். தோசை ஓரம், வடைத் துண்டு. "வாயில்லா ஜீவன் பார்த்துக்கிட்டு நிக்குது, எனக்கு எப்படிம்மா தொண்டையில இறங்கும்?" என்கிறார். தினமும் இல்லை, எப்பவாவதுதான்.

மணிமாறன்:
அந்த 'எப்பவாவது'தான் வினையே. தினம் கிடைச்சு திடீர்னு நின்னா நாய் சீக்கிரம் விட்டுடும். என்னைக்குக் கிடைக்கும்னு தெரியலைன்னா, லாட்டரிச் சீட்டு வாங்குறவர் மாதிரி தினமும் வந்து நிக்கும். எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்துங்க. முதல்ல குரைப்பு கூடும். அப்போ மனசு இளகி ஒரு துண்டு போட்டீங்கன்னா, சத்தமா குரைச்சாத்தான் கிடைக்கும்னு கத்துக்கும். அதட்டவும் வேண்டாம், அதுவும் அதுக்குக் கவனிப்புதான்.

மூலையில ஒரு சாக்கு விரிங்க. சாப்பாடு இல்லாத நேரத்துல பழக்குங்க: சாக்குல படுத்தா அங்கேயே அதோட தீனியில ஒரு துணுக்கு. நீங்க டீ குடிக்கிற நேரம் வரைக்கும் படுத்திருந்தா போதும், அப்புறம் மெல்ல முழுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டலாம். எழுந்து வந்தா பேசாம திரும்பக் கொண்டுபோய் விடுங்க.

கால்நடை மருத்துவர்:
வயிறு முட்டச் சாப்பிட்டும் கேட்பது லேப்ரடாரில் புதிதல்ல. ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றுக்குச் சாப்பாட்டு ஆசையும் எடையும் அதிகம். பசி என்று எண்ணி அளவைக் கூட்டாதீர்கள்.

வடையில் வெங்காயம் உண்டே! வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. பாயசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

செல்வி அக்கா:
பெரியவர் கையைக் கட்டிப்போடாதே கண்ணு. சீனுவோட அன்றாட அளவுல கொஞ்சம் எடுத்து ஒரு டப்பாவுல போட்டு அவர்கிட்ட கொடு. அவர் கை கழுவின பிறகு, சாக்குல வச்சுப் போடட்டும். எங்கப்பாகிட்ட இதுதான் பலிச்சது.

தென்காசிக்காரி:
வெங்காய விஷயம் கேட்டு மாமனார் ஆடிப்போயிட்டார். இப்போ டப்பா அவர் பொறுப்பு. முதல்ல குரைச்ச குரைப்புக்குப் பக்கத்து வீட்டுல விசாரிச்சாங்க. இப்ப சாக்குல படுத்து முனகுறதோட சரி. ஆனா சின்னவன் சாப்பிடுறப்போ பாதி சோறு தரையில. அங்கே மட்டும் சீனு அடங்க மாட்டேங்குது.

மணிமாறன்:
அதுக்குப் பழக்கமெல்லாம் வேலைக்காகாது. தரையைத் துடைக்கிற வரைக்கும் சீனுவை வராந்தாவுல விட்டுக் கதவைச் சாத்திடுங்க.