திருவருகைக் காலச் செய்திமடல்: உங்கள் யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியின் செய்திமடலை இந்த ஆண்டு நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த இதழ் திருவருகைக் காலத்துக்கானது, அதாவது கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் வரும் ஆயத்தக் காலத்துக்கானது. நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று காலம் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் அவசரம்.

பிற சமயப் பிள்ளைகளும் எங்களிடம் நிறையப் பேர் படிக்கிறார்கள். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகள் வைத்த திருவருகை வளையத்தில் மூன்று மெழுகுதிரி ஊதா, ஒன்று மட்டும் ஏன் ரோஸ் என்று வகுப்பில் முதலில் கேட்பதே அவர்கள்தான். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அதற்கான நிறம் அது என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெற்றோர் செய்திமடலைப் பிரிக்கும்போது, இது நமக்கில்லை என்று ஒதுக்கிவைத்துவிடக் கூடாது. அதுதான் என் கவலை. அதற்காக விசுவாசத்தை நீர்த்துப்போக எழுதவும் மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட பள்ளியில் எழுதியவர்கள், படிக்க வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். திருப்பலி (கோயில் பூசை), புதுநன்மை வகுப்பு (பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறுவதற்கான ஆயத்தம்) போன்ற செய்திகளை எப்படி எழுதினீர்கள்? பிள்ளைகளே எழுதிய நாலு வரிகளை முதல் பக்கத்தில் போட்டால் எல்லா வீட்டிலும் படிப்பார்கள் என்று தோன்றுகிறது; யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், பிள்ளைகளின் படம் போடப் பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதத்தின் மாதிரி ஒன்றும் வேண்டும். பிற சமயப் பெற்றோர் யாராவது இங்கே இருந்தால், உங்கள் பதிலுக்குத்தான் அதிகம் காத்திருக்கிறேன்.