புதுப்பிப்பு: வாசிக்க மறுத்த குழந்தை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்

தன்னார்வலராக நான் வாசிப்புக்குத் துணையிருக்கும் எட்டு வயதுக் குழந்தை, புத்தகத்தைத் திறந்தாலே பேச மறுக்கிறாள் என்று மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது 'சேர்ந்து வாசித்தல்' யோசனைதான். புத்தகத்தை அவளே தேர்ந்தெடுப்பாள். இருவரும் ஒரே வேகத்தில் சத்தமாக வாசிப்போம். தனியே வாசிக்கத் தோன்றினால் மேசையைத் தட்டுவாள், நான் நிறுத்திக்கொள்வேன். தடுமாறினால் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் சொல்லை எடுத்துக்கொடுப்பேன்; அவள் திருப்பிச் சொன்னதும் மறுபடி சேர்ந்துகொள்வேன். அந்த ஐந்து எண்ணுவது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் பாதி நேரம் மூன்றிலேயே அவளே கண்டுபிடித்துவிடுகிறாள்! முதல் தட்டு நான்காவது வாரம்தான் வந்தது. அதுவரை பொறுத்திருங்கள்.

எதிர்பாராத ஒன்று: சிக்கல் நான் நினைத்தபடி ல, ள, ழவில் இல்லை. 'கொடி' என்பதை 'கெரடி' என்று வாசித்தாள். ஒற்றைக்கொம்பைத் தனியாகவும் துணைக்காலை 'ர' என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொ, சொ, தொ வரும் சொற்களை அட்டையில் பெரிதாக எழுதி, கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில் காட்டினேன். இரண்டு வாரத்தில் சரியானது. நெடில் 'கோ' மட்டும் இன்னும் கொஞ்சம் தடுக்குகிறது.