ஆக்சிஜனேற்றமா, ஆக்சிஜனேந்துகையா?

வணக்கம். சிவப்பணு பற்றிய கட்டுரை வரைவில் “நுரையீரலில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனேற்றம் அடைகிறது” என்னும் தொடரைக் கண்டேன். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. வேதியியலில் ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழப்பதைக் குறிக்கும். ஒடுக்கம் அதன் மறுதலை. பாடநூல்களில் வேரூன்றிவிட்ட இந்தச் சொல்லிணையை மாற்ற வேண்டியதில்லை. நுரையீரலில் நிகழ்வதற்குத்தான் வேறு சொல் வேண்டும்.

ஹீமோகுளோபினின் நான்கு புரதச் சங்கிலிகளில் ஒவ்வொன்றும் ஒரு ஹீம் தொகுதியையும், அதன் நடுவே ஃபெரஸ் நிலையில் (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில்) ஓர் இரும்பு அணுவையும் தாங்கியுள்ளது. அவ்விரும்புடன் பிணைந்த ஆக்சிஜன் மூலக்கூறு திசுக்களில் பிரிந்ததும், இரும்பு முன்பிருந்த ஃபெரஸ் நிலையிலேயே எஞ்சுகிறது. மாறாக, இரும்பு மேலும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் நிலையை அடைந்துவிட்டால் உருவாவது மெத்ஹீமோகுளோபின். அந்த இரும்பால் ஆக்சிஜனைப் பிணைக்கவே இயலாது. சிவப்பணுவிலுள்ள நொதி அதை இடைவிடாமல் ஒடுக்கி மீட்பதால்தான், நலமுள்ளவரின் குருதியில் அதன் பங்கு பொதுவாக 1 விழுக்காடு அளவிலேயே நிற்கிறது. ஆக, மூச்சைப் பயனுறச் செய்யும் வினைக்கும் அதைக் கெடுக்கும் வினைக்கும் நாம் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறோம். “ஏற்றம்” என்றதும் சுமை ஏற்றுவதே நினைவுக்கு வருவதால், இப்பிழை எவர் கண்ணிலும் எளிதில் படுவதில்லை.

“ஆக்சிஜன் பிணைப்பு” போதும் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. அது தவறன்று, ஆயினும் பிணைப்பு என்னும் சொல்லை எல்லா வேதிப் பிணைப்புகளுக்கும் பொதுவாக ஆள்கிறோம். நான் முன்மொழிவது “ஆக்சிஜனேந்துகை”. ஏந்தியது கைமாறும்; ஹீமோகுளோபினின் பணியும் பெறுவதும் தருவதுமே. “ஏந்தல்” என்றே சொல்லலாமே எனத் தோன்றலாம்; அதற்குத் தலைவன் என்ற பொருளும் இருப்பதால் தவிர்த்தேன். வினையாகவும் இச்சொல் தடையின்றி வளைந்து கொடுக்கிறது: ஒரு ஹீம் ஆக்சிஜனை ஏந்தியதும் புரதத்தின் வடிவம் மாறி, எஞ்சியவை ஏந்துவது எளிதாகிறது.

ஆக்சிஜனைச் சுமந்திருப்பதை “ஆக்சிஜனேந்திய ஹீமோகுளோபின்” எனலாம். அதை விட்டுவிட்ட வடிவத்துக்கு “ஆக்சிஜன் நீங்கிய” என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. “ஒடுக்கப்பட்ட ஹீமோகுளோபின்” என்னும் பழைய வழக்கை மட்டும், மேற்சொன்ன அதே காரணத்தால், கைவிட வேண்டுகிறேன்.